ரெண்டு நிமிஷ நடை

ஆகஸ்ட் 4, திங்கள்

இந்த நோட்டைத் திறக்கும் சகல ஜீவராசிகளுக்கும், பாளையங்கோட்டை மகாராஜநகரில் வீட்டுப் புரோக்கராக விளங்கும் குற்றாலிங்கமாகிய நான் சத்தியம் செய்து சொல்வது என்னவென்றால், இதில் வரப்போகும் கதையை ஒருவரும் நம்பப்போவதில்லை. என் மனைவி வடிவு நம்பமாட்டாள். அவள் நம்பாதது புதிதல்ல. கண்ணால் கண்ட நானே நாளைக்குப் படித்தால் நம்பமாட்டேன். ஆகவே வாசிக்கிறவர்கள் தயவுசெய்து உட்கார்ந்துகொண்டு வாசிக்கவும்.

என் அக்கா உலகம்மைக்கு இரண்டு சிறுநீரகங்களும் வேலையை ராஜினாமா செய்து இரண்டு வருஷம் ஆகிறது. வாரத்துக்கு மூன்று நாள், நாளுக்கு நாலு மணி நேரம், மெஷினோடு ஊசியும் குழாயுமாகப் படுத்துக் கிடக்கிறாள். அவள் மகள் பகவதி தன்னுடையதைக் கொடுக்க ஓடி வந்தாள். ரத்த வகை சேரவில்லை. எனக்குச் சேர்ந்தது. பரிசோதனைத் தாள் வந்த அன்றைக்கு நான் நடந்த நடையைப் பார்த்து, தெருவில் இரண்டு லாரிகள் ஓரமாக ஒதுங்கி நின்றன.

போன வாரம் ஆஸ்பத்திரிக்கு எழுந்தருளினேன். டாக்டர் வெளியூர்க்காரர். ஊருக்கு வந்து ஒரு மாதம்தான் ஆகிறது.

"சிகரெட் உண்டா?"

"ஒரு நாளைக்கு நாப்பதுதான் டாக்டர். எங்க தெருவுக்குக் கொசு மருந்து அடிக்க ஆளே வாறதில்ல."

சிரிப்பார் என்று பார்த்தேன். எழுதினார்.

"குடிப்பீங்களா?"

"தாமிரபரணிக்கு அடுத்தபடியா இந்த ஊருல ஓடுதது நான்தான்."

அதையும் எழுதினார். எங்கள் ஊர்க்காரனாக இருந்தால் நான் சொன்னதைப் பத்தால் வகுத்து, மிச்சத்தில் பாதியைத் தள்ளிவிட்டு எழுதியிருப்பான். இந்த மகான் அப்படியே நம்பிவிட்டார். என்னை ஒருவர் முழுதாக நம்பியது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. அதன் பலனாக என் ஃபைலில் விழுந்த வரி: 'கொடையாளர் தகுதியில்லை.'

உண்மை என்னவென்றால் சிகரெட் நாலு. பீர் வருஷத்துக்கு ஒன்று, பொங்கல் முடிந்த மறுநாள்.

இன்றைக்கு ஜெசிந்தா மேடம் அக்காவையும் என்னையும் கூப்பிட்டு உட்கார வைத்து, இந்த உண்மையைக் கறந்தார். மாற்று அறுவை சிகிச்சைக்கு வேண்டிய எல்லா ஏற்பாட்டையும் கவனிப்பவர் அவர். எங்கள் ஊர்தான், சமாதானபுரத்துக்காரர்.

"அண்ணாச்சி, ஃபைலுல உள்ள கணக்குப்படி பாத்தா நீங்க செத்து எட்டு வருஷம் ஆச்சு."

"அதான் இவ்வளவு லேசா இருக்கு மேடம்."

"லேசா? தொண்ணூத்தொண்ணு புள்ளி நாலு கிலோ." சிரிக்காமல் சொன்னார். "நாலு சிகரெட்டும் சைபர் ஆகணும். எடை எம்பத்து நாலுக்குக் கீழ வரணும். பிரஷர் அடங்கணும். ஏழு வாரம் தாறேன். தினமும் நோட்டுல எழுதுங்க. எண் மட்டும். நிஜ எண்."

நோட்டின் ஒவ்வொரு பக்கத்திலும் அவரே கோடு போட்டுத் தந்தார். எடை, நடை, சிகரெட், பிரஷர். கடைசியில் 'இன்று நன்றி யாருக்கு' என்று ஒரு கட்டம்.

"இது எதுக்கு மேடம்? என் சிறுநீரகம் மரியாதை தெரிஞ்சதான்னு பாக்கவா?"

"சிகரெட்ட விட்டா எரிச்சல் வரும். வீட்டுல உள்ளவங்களக் கடிச்சுத் தின்னுருவீங்க. ஒரு நாளைக்கு ஒருத்தரையாவது விட்டுவைக்கதுக்குத்தான்."

ஆடி மாதத்தில் நல்ல காரியம் தொடங்கக்கூடாது, ஆவணி பிறக்கட்டும் என்று சாஸ்திரம் எடுத்துரைத்தேன். பக்கத்தில் இருந்த அக்கா பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னாள்: "ஏல, ஆடின்னு மெஷினு என்னையச் சும்மா விடுதா? இன்னைக்கே தொடங்கு. ஒரு மண்டலம்னு வச்சுக்கோ."

கிளம்பும்போது மேடம் என்னை மட்டும் நிறுத்தினார். மெஷினுக்காக அக்காவின் இடது கையில் போட்ட ரத்தவழி ஏற்கெனவே ஒருமுறை அடைத்துச் சரிசெய்தது. "இன்னொரு தடவை அடைச்சா..." என்று தொடங்கி வாக்கியத்தை முடிக்காமல் விட்டார். நானும் முடிக்கப்போவதில்லை.

மனைவியின் சம்மதமும் வேண்டுமாம். அதற்கான தாளை வடிவிடம் கொடுத்தேன். "பாக்கலாம்" என்று சொல்லி அரிசி டப்பாவுக்கு அடியில் வைத்தாள்.

எடை 91.4. நடை இல்லை. சிகரெட் காலையில் 2, மேடத்தைப் பார்த்தபின் 0.
நன்றி: மின்சார வாரியத்துக்கு. மின்விசிறி ஓடுகிறது.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

காலை பத்து மணிக்கு சிகரெட் என்னைக் கூப்பிட்டது. சும்மா இல்லை, மேளதாளத்தோடு கூப்பிட்டது. ஆசை வந்தால் வேண்டாம் என்று சொல்லாதீர்கள், பத்து நிமிஷம் தள்ளிப்போடுங்கள் என்று மேடம் சொல்லியிருந்தார். இது எனக்குச் சொல்லித்தர வேண்டிய வித்தையா? "பத்து நிமிஷத்துல வாரேன்" என்று போனில் சொல்லிவிட்டு மூன்று மணி நேரம் கழித்துப் போவது எங்கள் தொழில் தர்மம். அதையே சிகரெட்டிடம் சொன்னேன். வாடகைக்கு வீடு பார்க்க வந்தவர்களைப்போல அதுவும் தெருமுனையில் காத்து நின்று, அலுத்து, என்னைத் திட்டிவிட்டுப் போனது.

நாலு தடவை இப்படி ஏமாற்றினேன். கிராம்பு பதினொன்று மென்றேன். நாக்கு பல் ஆஸ்பத்திரி மாதிரி மணக்கிறது.

எடை 91.4. நடை பதினாறு கிலோமீட்டர். (மேடம் படிப்பார். ஒன்று புள்ளி ஆறு.)
நன்றி: கிராம்புக்கு.

ஆகஸ்ட் 7, வியாழன்

வடிவிடம் எரிந்து விழுந்தேன். சாம்பாரில் உப்பு இல்லை என்று. உப்பைக் குறைக்கச் சொன்னது பிரஷருக்காக. குறைக்கச் சொன்னவன் நான்.
நன்றி: திருப்பிப் பேசாததற்கு, அவளுக்கு.

ஆகஸ்ட் 9, சனி

இன்றைய சம்பவத்தைச் சரித்திரம் மறைக்க முயலும். நான் விடமாட்டேன்.

பெருமாள்புரத்தில் ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி சேவியர் சாருக்கு மூன்று வருஷம் முன்னால் வீடு பார்த்துக் கொடுத்தேன். பஸ் ஸ்டாப்பு எவ்வளவு தூரம் என்று கேட்டார். "ரெண்டு நிமிஷ நடை சார்" என்றேன். ஒரு வீட்டுக்கும் நான் இதற்குமேல் சொன்னதில்லை. ரயில் நிலையத்துக்கும் ரெண்டு நிமிஷம்தான், கடலுக்கும் ரெண்டு நிமிஷம்தான்.

இன்று காலை நடக்கக் கிளம்பியவன், போனில் கடிகாரத்தை ஓடவிட்டு, அந்தப் பஸ் ஸ்டாப்பிலிருந்து சேவியர் சார் வீட்டை நோக்கி நடந்தேன். ஐந்தாவது நிமிஷம் வேர்த்தது. பத்தாவது நிமிஷம் ஒரு மதில் சுவரைப் பிடித்து நின்றேன். பதினைந்தாவது நிமிஷம் என் முன்னோர்கள் வரிசையாக வந்து நலம் விசாரித்தார்கள். வீட்டு கேட்டைத் தொட்டபோது பத்தொன்பது.

சேவியர் சார் கேட்டில் கையை ஊன்றி நின்றார். மூன்று வருஷமாக இந்த நாளுக்காகவே அங்கே நின்றவர்போலத் தெரிந்தது.

"என்ன வே, ரெண்டு நிமிஷம் முடிஞ்சுட்டா?"

"சார், நான் சொன்னது..." மூச்சு வாங்கியது. "என் வேகத்துக்கு..."

"ஒம்ம வேகத்ததான் இவ்வளவு நேரமும் பாத்துக்கிட்டு இருந்தேன். பின்னால வந்த ஆடு ஒம்மத் தாண்டிப் போச்சு."

உள்ளே கூப்பிட்டு மோர் கொடுத்தார். விஷயத்தைச் சொன்னேன். சிரித்துக்கொண்டிருந்த முகம் மாறியது. "நாளைலேருந்து காலைல ஆறு மணிக்கு இங்கன கேட்டுல நிப்பேன். நீரு வரல்லன்னா ஒம்ம வீட்டுக்கு வந்து, தெரு கேக்க, நீரு சொன்ன ரெண்டு நிமிஷக் கதைய எல்லாருக்கும் சொல்லுவேன்."

மிரட்டலிலேயே மிக உயர்ந்த ரகம்.

எடை 91. நடை 3.8. சிகரெட் 0.
நன்றி: அந்த ஆட்டுக்கு. போட்டி இல்லாமல் முன்னேற்றம் இல்லை.

ஆகஸ்ட் 13, புதன்

இன்று எழுந்தபோது என் செருப்பு கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்தது, வாசலைப் பார்த்தபடி. நான் வைக்கவில்லை. வைத்தது யார் என்று கேட்கவும் இல்லை. நாலு நாளாக இப்படித்தான் இருக்கிறதென்று இன்றைக்குத்தான் உறைத்தது.

அரிசி டப்பாவுக்கு அடியில் தாள் அப்படியே இருக்கிறது. பார்த்தேன்.

எடை 90.3. நடை 4.1. சிகரெட் 0.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

ஆவணி பிறந்துவிட்டது. சாஸ்திரப்படி இன்றைக்குத்தான் தொடங்கியிருக்க வேண்டும். தொடங்கியிருந்தால் பதின்மூன்று சைபர் எனக்குக் குறைந்திருக்கும். ஆடிக்கு நன்றி.

வடிவு என் தட்டை மாற்றிவிட்டாள். பழைய தட்டு ஏறக்குறைய வட்டாட்சியர் அலுவலக வளாகம் அளவு. புதியது பகவதி குழந்தையாக இருந்தபோது சாப்பிட்டது, நடுவில் முயல் படம். சோறு தீர்ந்தால் முயல் தெரியும். முயல் தெரிந்தால் எழுந்துவிட வேண்டும் என்பது சட்டம். நான் சாப்பிட உட்கார்ந்து நாலாவது வாயிலேயே அந்த முயல் எட்டிப்பார்க்கிறது.

"ஏட்டி, இது சாப்பாடா, ருசி பாக்கதா?"

"ருசி பாத்துட்டீங்கள்லா, எந்திரிங்க."

எடை 89.6.

ஆகஸ்ட் 21, வியாழன்

இன்று அக்காவோடு ஆஸ்பத்திரியில் நாலு மணி நேரம். மெஷின் பக்கத்தில் உட்கார்ந்து கதை சொல்வது இரண்டு வருஷமாக என் பொறுப்பு. போன மாதம்வரை நான் சொன்ன கதைகளில் அணைக்கட்டுகள் உடைந்தன, யானைகள் அட்வான்ஸ் கொடுத்து வீடு பிடித்தன. இப்போது நிஜ எண் பழகிய நாக்கு தடுமாறுகிறது.

"கேளுக்கா, நேத்து ஒரு வீடு காட்டப் போனேன். எண்ணூத்தி இருவது சதுர அடி. ரெண்டு ஜன்னல்."

அக்கா காத்திருந்தாள். "பெறவு?"

"பெறவு என்ன, ரெண்டு ஜன்னல்தான்."

"சீ, போல. நீ உண்மை பேச ஆரம்பிச்சதுலேருந்து டயாலிசிஸ் ஆறு மணி நேரமா இருக்கு."

ஜெசிந்தா மேடம் அந்த வழியாக வந்தார். அவரிடம் முறையிட்டோம். அங்கேயே நின்று தீர்ப்பு வழங்கினார்: "நோட்டுல நிஜம். அக்காட்ட எப்பவும்போல."

உடனே அந்த வீட்டுக்கு நாற்பது ஜன்னல் வைத்தேன். ஒவ்வொரு ஜன்னலிலும் ஒரு மாமியார். முப்பதாவது மாமியார் வந்தபோது, ஊசி அசைகிறது, சிரிக்க வைக்காதீர்கள் என்று நர்ஸ் வந்து சத்தம் போட்டார்.

இதை எழுதும்போது ஒன்று தோன்றுகிறது. சின்ன வயதில் அம்மா தவறிய பிறகு அக்கா பல மாதம் பேசாமல் இருந்தாள். நான் முதல் புளுகை அவிழ்த்துவிட்டது அப்போதுதான். என்ன புளுகு என்று மறந்துவிட்டது. போகட்டும், இந்தக் கட்டத்தில் எண் மட்டும்தான் எழுத வேண்டும்.

எடை 88.9. நடை 4.5. சிகரெட் 0.
நன்றி: முப்பதாவது மாமியாருக்கு.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

அக்காவின் கையில் உள்ள வழி அடைத்துவிட்டது. திறக்கப் பார்த்தார்கள். முடியவில்லை. கழுத்தில் குழாய் வைத்திருக்கிறார்கள்.

எடை 88.2. நடை இல்லை. சிகரெட் 0.

ஆகஸ்ட் 27, புதன்

விநாயகர் சதுர்த்தி. வடிவு கொழுக்கட்டை அவித்தாள். முயல் தட்டில் இரண்டு வைத்தாள். இறங்கவில்லை.

நேற்று எழுதிய சைபர் பொய். ஒன்று குடித்தேன். ஆஸ்பத்திரிக்கு எதிரே உள்ள பெட்டிக்கடை, மாலை 5.20. முழுதும் குடித்தேன். பத்து நிமிஷம் தள்ளிப்போட நினைவே வரவில்லை.

ஐம்பத்து நாலு வருஷத்தில் நான் சொன்ன பொய்களை அடுக்கினால் பொதிகை மலை குட்டையாகத் தெரியும். ஒன்றுகூட என்னைத் தூங்கவிடாமல் செய்ததில்லை. இந்த ஒரு சைபர், கடலைப்பருப்பு அளவு, காலையிலிருந்து என்னைப் பார்த்துக்கொண்டே இருக்கிறது.

மேடம் முதல் நாளே சொல்லியிருந்தார், ஒன்று குடித்தாலும் கணக்கு முதலிலிருந்து. முதலிலிருந்து என்றால் அக்காவுக்கு நாள் தள்ளிப்போகும். கழுத்தில் குழாயோடு. சொல்லாமல் விட்டால் தள்ளிப்போகாது.

நாளை போய்ச் சொல்ல வேண்டும்.

ஆகஸ்ட் 28, வியாழன்

சொன்னேன். மேடம் நோட்டை வாங்கி இரண்டு நாளையும் வாசித்தார்.

"ஒண்ணா?"

"ஒண்ணு."

"நாப்பது இல்லியே?"

"ஒண்ணுதான் மேடம்." என் குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை.

"இது எந்த டெஸ்டுலயும் தெரிஞ்சிருக்காது அண்ணாச்சி. நீங்க சொல்லாம இருந்தா யாருக்கும் தெரியாது."

"தெரியும்."

டாக்டரிடம் கூட்டிப்போனார். டாக்டர் காலண்டரைப் பார்த்து, கடைசிச் சிகரெட்டிலிருந்து ஆறு வாரம் கழிந்த பிறகுதான் ஆபரேஷன் என்றார். முன்பு நினைத்திருந்த நாளிலிருந்து பதினேழு நாள் பின்னால் போகிறது. வெளியே வந்ததும் மேடத்திடம் கேட்டேன், இதற்குச் சொல்லாமலே இருந்திருக்கலாமோ என்று.

"தியேட்டர்ல ஒங்கள்ட்ட, 'நெஞ்சு இறுக்குதா, மூச்சு முட்டுதா'ன்னு கேப்பாங்க. அப்ப நீங்க சொல்லுததை அவங்க நம்பணும்லா? அதுக்குத்தான் இந்த நோட்டு. கிலோவுக்கு இல்ல."

பிறகு சிவப்பு மையால் நேற்றைய பக்கத்தின் ஓரத்தில் எழுதினார்: 'மீதி இருபத்திரண்டு சைபரையும் இப்போது நம்புகிறேன்.'

அக்காவிடம் சொல்வதுதான் பாக்கி. கட்டில் பக்கத்தில் நின்று, கழுத்துக் குழாயைப் பார்க்காமல், பதினேழு நாள் என்று சொன்னேன். ஏன் என்றும் சொன்னேன். அக்கா தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள்.

"ஒரு சிகரெட்டுக்குப் பதினேழு நாளால?"

"ஆமாக்கா."

"எனக்கும் ஒண்ணு வாங்கிட்டு வந்திருக்கலாம்லா. தனியா குடிச்சிருக்க, பாவி."

பகவதி தலையில் அடித்துக்கொண்டாள். "ரெண்டு பேரும் ஒரே கட்டைல வெட்டுனது. மாமா, வெளிய போயி அழுங்க, இங்கன நர்ஸ் திட்டுவாங்க." நான் அழவில்லை. ஆஸ்பத்திரியில் மருந்து நெடி அதிகம்.

சிகரெட் 0. இது நிஜ சைபர்.
நன்றி: அக்காவுக்கு.

ஆகஸ்ட் 29, வெள்ளி

வடிவு அரிசி டப்பாவைத் தூக்கி அந்தத் தாளை எடுத்து வந்து என் முன்னால் வைத்தாள். நான் பேனாவை நீட்டினேன். வாங்கவில்லை.

"கல்யாணம் ஆயி இருவத்தெட்டு வருஷத்துல, ஒரு பொய்யச் சொல்லிட்டு நீங்களா போயித் திருத்துனது இதான் மொதத் தடவ."

"பகவதி சொல்லிட்டாளா?"

"அவ எதுக்குச் சொல்லணும்? நோட்டு மேசைலதான கெடக்கு." எதிரே உட்கார்ந்தாள். "இந்தத் தாளக் கொண்டாந்த அன்னைக்கு நான் ஒங்கள்ட்ட ஒண்ணு கேட்டேன், ஞாபகம் இருக்கா? பயமா இருக்கான்னு கேட்டேன். 'சிங்கத்துக்கு ஊசி போடப் போறாங்க, பயம் அவனுகளுக்குத்தான்'னு சொன்னீங்க. சிங்கத்துக்கெல்லாம் நான் கையெழுத்துப் போட மாட்டேன். எனக்குச் சிங்கத்தத் தெரியாது. இப்பத் திரும்பக் கேக்கேன். சரியாச் சொன்னா போடுதேன்."

இரண்டு வார்த்தை சொன்னேன். அவை இந்த நோட்டில் இடம்பெறாது.

வடிவு மூக்கைச் சிந்தினாள். "எனக்கும்தான்" என்றாள். பிறகு தன் முழுப் பெயரையும் சண்முகவடிவு என்று எழுத்துக் கூட்டி, ரேஷன் கடையில் போடுவதுபோல் நிதானமாகக் கையெழுத்துப் போட்டாள்.

எடை 88. நடை 4.4. சிகரெட் 0. பிரஷர், மேடம் மகிழும் அளவு.
நன்றிக் கட்டம் சின்னது. போதாது.

செப்டம்பர் 6, சனி

சேவியர் சாருக்குக் காய்ச்சல். ஆறு மணிக்குக் கேட்டில் ஆள் இல்லை. திரும்பி வீட்டுக்கு வந்து படுத்துவிடலாம் என்று ஒரு கால் சொன்னது, இன்னொரு கால் ஏற்கெனவே நாங்கள் தினமும் சுற்றும் மைதானத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. முதல் காலும் வேறு வழியில்லாமல் பின்னால் வந்தது. முடித்துவிட்டுப் போய் அவருக்கு ரொட்டி வாங்கிக் கொடுத்தேன்.

"தனியாவா நடந்தீரு?"

"ஐயாயிரம் பேரு பின்னால வந்தாங்க சார்."

"ஆடு உண்டா?"

"ஆடு முன்னால போச்சு."

எடை 87.1.

செப்டம்பர் 20, சனி

மண்டலம் முடிந்தது. விளக்கு ஏற்ற வேண்டும், வெடி வெடிக்க வேண்டும், ஊர்வலம் போக வேண்டும் என்று நினைத்திருந்தேன். காலையில் எழுந்து செருப்பை மாட்டி நடந்துவிட்டு வந்து, முயல் தெரியும்வரை இட்லி தின்றுவிட்டு, கேடிசி நகரில் ஒரு வீடு காட்டப் போய்விட்டேன். மண்டலம் முடிந்த ஞாபகமே வரவில்லை. சிகரெட் ஞாபகமும் மதியம் மூன்று மணிக்குத்தான் வந்தது. பழைய வாடகைக்காரர் தெருவில் எதிர்ப்படுவதுபோல வந்தது. வணக்கம் வைத்து அனுப்பினேன்.

கேடிசி நகரில் அந்த வீட்டம்மா கேட்டார்கள், பஸ் ஸ்டாப்பு எவ்வளவு தூரம் என்று. வாய் தன் வழக்கப்படி திறந்தது. "பதினொரு நிமிஷம். வெயில்ல பதிமூணு" என்று வெளியே வந்தது. எனக்கே தூக்கிவாரிப் போட்டது. அந்தம்மா என்னைச் சந்தேகமாகப் பார்த்தார்கள், இவன் எதையோ மறைக்கிறான் என்பதுபோல. ஆனாலும் வீட்டைப் பிடித்துக்கொண்டார்கள்.

எடை 85.2.
நன்றி: வெயிலுக்கு. அதுவும் ஒரு நிஜம்தான்.

செப்டம்பர் 29, திங்கள்

இன்று ஆஸ்பத்திரிக் குழுவின் முன்னால் விசாரணை. கொடுப்பவன் மனதாரக் கொடுக்கிறானா, யாராவது மிரட்டினார்களா என்று கேட்பார்கள். வீடியோ எடுப்பார்கள். நான் பதினாலு பக்கத்தில் உரை தயாரித்திருந்தேன். கர்ணனில் தொடங்கி, கடல் கடந்து, கடைசிப் பக்கத்தில் மழை பெய்யும்.

உள்ளே நீள மேசை. நாலு பேர். நடுவில் இருந்த அதிகாரி கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்: "நீங்க எதுக்காக இதைக் குடுக்கறீங்க?"

கர்ணன் தொண்டைவரை வந்தான். அங்கேயே நின்றுவிட்டான்.

"அவ என் அக்கா சார்."

அவர் கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டார்.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான் சார்."

ஓரமாக உட்கார்ந்திருந்த வெளியூர் டாக்டர் என் ஃபைலைப் புரட்டினார். "சிகரெட்?"

"ஆகஸ்ட் இருபத்தாறு, சாயந்திரம் அஞ்சு இருபதுக்கு ஒண்ணு. பெறவு இல்ல."

"தெருவுல இப்ப கொசு எப்படி?" என்று கேட்டார் அந்த மகான். மூன்று மாதத்தில் ஊர் அவருக்குப் பழகிவிட்டது.

"கடிக்குது டாக்டர்."

வெளியே சக்கர நாற்காலியில் அக்கா காத்திருந்தாள். "உள்ள என்னல அளந்த?"

"பதினாலு பக்கம் பேசுனேன்க்கா. நடுவுல இருந்த பெரியவரு ஓன்னு அழுதுட்டாரு. என் துண்ட எடுத்து அவரு கண்ணத் தொடச்சுவிட்டேன். துண்ட அவரே வச்சுக்கிட்டாரு, ஞாபகார்த்தமா."

"நீ துண்டே கொண்டாரலியேல."

"அதான் சொல்லுதேன்லா, வச்சுக்கிட்டாரு."

அக்கா சிரித்தாள். கழுத்துக் குழாயைக் கையால் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

எடை 84.1. பத்து நாளில் நூறு கிராம் குறையாமலா போகும்.

அக்டோபர் 8, புதன்

எடை 83.2. நடை, வார்டு வராந்தாவில் நாற்பது சுற்று. சிகரெட் 0, இது நாற்பத்து மூன்றாவது. சேவியர் சார் வந்தார். வடிவு செருப்பைக் கட்டிலுக்கு அடியில் வாசலைப் பார்த்து வைத்திருக்கிறாள். நாளைக்கு எங்கே நடக்கப் போகிறேன் என்று கேட்டேன். "நாளைக்கு இல்ல, நாளான்னைக்கு" என்றாள்.

காலை ஏழு மணிக்கு அழைத்துப்போவார்கள்.

நன்றி: எல்லாருக்கும். பெயர் எழுதினால் நோட்டு தாங்காது.

அக்டோபர் 11, சனி

எழுத முடிகிறது. எழுத்து கோழி கிளறினதுபோல இருக்கும், மேடம் மன்னிக்கவும். என் சிறுநீரகம் வெளியே வந்தபோது அதன் கம்பீரத்தைக் கண்டு தியேட்டரில் எல்லாரும் எழுந்து நின்றார்களாம். ஏற்கெனவே நின்றுகொண்டுதான் இருந்தார்கள் என்கிறாள் வடிவு. இருமினால் வலிக்கிறது, சிரித்தால் அதைவிட. நேற்று கட்டிலிலிருந்து கதவுவரை நடந்தேன். ஒன்பது எட்டு. ஒன்பதுதான்.

அக்கா வேறு அறையில். கிருமி படக்கூடாது என்று யாரையும் விடவில்லை. நன்றாக இருக்கிறாள் என்றார் மேடம். மேடத்தின் 'நன்றாக' நிஜ எண்.

அக்டோபர் 14, செவ்வாய்

இத்துடன் இந்த நோட்டு நிறைகிறது. லாரிகள் ஒதுங்கின, ஆடு முந்தியது, யானை அட்வான்ஸ் கொடுத்தது, அதிகாரி அழுதார். முதல் பக்கத்தில் சொன்னதுபோல இதையெல்லாம் யாரும் நம்ப வேண்டாம். நானும் வற்புறுத்தப்போவதில்லை.

ஒரே ஒரு சின்ன விஷயம் மட்டும் நிஜம். அதை எழுதிவிட்டு முடித்துக்கொள்கிறேன்.

இன்று காலை பதினொரு மணிக்கு, மூக்கையும் வாயையும் மூடிக் கட்டி, என்னை அக்கா அறையின் கண்ணாடிக் கதவுவரை போகவிட்டார்கள். குடிப்பது வெளியேற வழியில்லாததால், மெஷினில் இருந்தவளுக்கு நாளொன்றுக்கு முக்கால் லிட்டர் தண்ணீர்தான் கணக்கு. காப்பி, ரசம், மாத்திரைக்கு விழுங்குவது எல்லாம் அதற்குள். இரண்டு வருஷமாக என் அக்கா தண்ணீரை ஸ்பூனில் குடித்தாள். கோடையில் ஒரு ஐஸ் கட்டியை வாயில் போட்டு அரை மணி நேரம் வைத்திருப்பாள்.

நர்ஸ் ஒரு எவர்சில்வர் டம்ளரில் நிறையத் தண்ணீர் ஊற்றிக் கொடுத்து, "குடிங்கம்மா, நெறையக் குடிக்கணும்" என்றார். அக்கா டம்ளரை வாங்கி உள்ளே பார்த்தாள். நர்ஸைப் பார்த்தாள். "முழுசுமா?" என்று கேட்டாள். முகமூடியைக் கீழே இழுத்துவிட்டு, அண்ணாந்து, உதட்டில் படாமல் ஊற்றினாள். நிறுத்தவில்லை. தொண்டை ஏறி இறங்குவது கதவுக்கு இந்தப் பக்கம்வரை தெரிந்தது. டம்ளரைக் கவிழ்த்துக் கடைசிச் சொட்டையும் விட்டுக்கொண்டாள். வாயைத் துடைத்தாள். டம்ளரை நர்ஸிடம் திரும்ப நீட்டினாள், இன்னும் வேண்டுமென்று.

இருநூற்றைம்பது மில்லி. அளந்தது நர்ஸ். நான் ஒரு சொட்டும் கூட்டவில்லை.